பிட்டைப் பார்க்கும் முன் சென்சாரைப் பாருங்கள்: ஏடிசி சிப் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றித் தரும் ஏடிசி சிப்பை வாங்கப் போகும் பெரும்பாலோர் பிட் எண்ணிக்கையில்தான் தொடங்குகிறார்கள். 16 பிட் நல்லது, 24 பிட் அதைவிட நல்லது என்று வாங்கிப் போர்டில் போட்ட பிறகு, கடைசி ஏழெட்டு பிட்டுகள் ஓயாமல் ஆடுவதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். சிப்பில் கோளாறு இருப்பது அபூர்வம். சென்சார் என்ன தருகிறது, எவ்வளவு நுணுக்கம் வேண்டும், எவ்வளவு வேகம் வேண்டும் என்ற மூன்றையும் காகிதத்தில் எழுதாமலே சிப் முடிவாகிவிடுகிறது. அங்கேதான் தவறு.

மூன்று வேலைகளை எடுத்துக்கொண்டு போவோம். ஒன்று, 40 கிலோ வரை நிறுக்கும் தராசு. இரண்டு, 12 வோல்ட் பேட்டரியின் வோல்டேஜைக் கண்காணிப்பது. மூன்று, சிங்கிள் ஃபேஸ் மோட்டார் எடுக்கும் மின்சக்தியை அளப்பது. மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு சிப் வரும். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் நான்காவது வேலைக்கு நீங்களே தேர்ந்தெடுத்துவிடலாம்.

படி 1: சிக்னலைக் காகிதத்தில் எழுதுங்கள்

ஆறு விவரங்கள் வேண்டும். சிக்னலின் குறைந்தபட்ச, அதிகபட்ச வோல்டேஜ். கண்ணில் பட வேண்டிய மிகச் சிறிய மாற்றம். சிக்னல் எவ்வளவு வேகமாக மாறும். சிக்னல் வரும் வழியில் உள்ள ரெசிஸ்டன்ஸ். எத்தனை சேனல், அவற்றை ஒரே கணத்தில் படிக்க வேண்டுமா, ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் போதுமா. கடைசியாக, சிக்னல் கிரவுண்டைச் சார்ந்ததா, இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசமா, நெகட்டிவ் பக்கம் போகுமா.

தராசுக்கு எழுதிப் பார்ப்போம். எடையை வோல்டேஜாக மாற்றும் சென்சாரான லோட் செல் 2 மில்லிவோல்ட்/வோல்ட் வகை. 5 வோல்ட் கொடுத்தால் முழு எடையில் கிடைப்பது வெறும் 10 மில்லிவோல்ட். 5 கிராம் மாற்றம் தெரிய வேண்டும் என்றால் 40 கிலோவை 8000 பிரிவாக்க வேண்டும். ஒரு பிரிவு 1.25 மைக்ரோவோல்ட். வேகம் நொடிக்கு 10 ரீடிங் போதும். இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசம்தான் சிக்னல்.

பேட்டரிக்கு 0 முதல் 15 வோல்ட், 10 மில்லிவோல்ட் மாற்றம் தெரிந்தால் போதும். அதாவது 1500 பிரிவு. நொடிக்கு ஒரு ரீடிங்.

மோட்டாருக்கு வோல்டேஜ், கரண்ட் என இரண்டு சேனல். 50 ஹெர்ட்ஸ் அடிப்படை, 20-வது ஹார்மோனிக் (அடிப்படையின் 20 மடங்கு வேகத்தில் ஓடும் அலை) வரை பார்க்க 1 கிலோஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே கணத்தில் படிக்கப்பட வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதாமல் விடுகிறவர்கள்தான் பின்னால் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

படி 2: பிட்டைக் கணக்கிடுங்கள், பிறகு இரைச்சலைக் கழியுங்கள்

10 பிட் என்றால் 1024 படிகள், 12 பிட்டுக்கு 4096, 16 பிட்டுக்கு 65,536, 24 பிட்டுக்கு 1,67,77,216. ரெஃபரன்ஸ், அதாவது ஏடிசி ஒப்பிட்டு அளக்கும் வோல்டேஜ், 5 வோல்ட் என்றால் ஒரு படியின் உயரம் முறையே 4.88 மில்லிவோல்ட், 1.22 மில்லிவோல்ட், 76 மைக்ரோவோல்ட், 0.3 மைக்ரோவோல்ட். தேவையான பிரிவுகளைப் போல நான்கு மடங்கு படிகள் இருக்குமாறு எடுத்தால் ரீடிங் இரண்டு எண்களுக்கு நடுவே தத்தளிக்காது. பேட்டரிக்கு 1500-ஐ நான்கால் பெருக்கினால் 6000. 13 பிட் கேட்கிறது, நெருக்கிப் பிடித்தால் 12 பிட்டிலும் முடியும். தராசுக்கு 32,000, அதாவது 15 பிட்.

ஆனால் அந்த 15 பிட்டும் ஆடாத பிட்டாக இருக்க வேண்டும். எச்எக்ஸ்711 என்ற 24 பிட் சிப்பையே பாருங்கள். 128 மடங்கு கெயினில் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதன் இன்புட் வரம்பு பிளஸ், மைனஸ் 20 மில்லிவோல்ட். மொத்தம் 40 மில்லிவோல்ட். நொடிக்கு 10 ரீடிங் வேகத்தில் தயாரிப்பாளரின் விவரத்தாளான டேட்டாஷீட் சொல்லும் இரைச்சல் 50 நானோவோல்ட் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி). உச்சிக்கு உச்சி ஆட்டத்தை அறிய இதை 6.6-ஆல் பெருக்குவது வழக்கம்: 330 நானோவோல்ட். 40 மில்லிவோல்ட்டை இதால் வகுத்தால் ஏறத்தாழ 1,21,000 படிகள்தான் அசையாமல் நிற்கும். அதாவது 17 பிட்டுக்குச் சற்றுக் குறைவு. மீதி 7 பிட் இரைச்சல்.

நம் தராசுக்கு அது போதுமா? 5 கிராமுக்கு 1.25 மைக்ரோவோல்ட், ஆட்டம் 0.33 மைக்ரோவோல்ட், கிராமில் 1.3. எண் நிலையாக நிற்கும். இதே லோட் செல்லில் 1 கிராம் வேண்டும் என்றால் இரைச்சல் சிக்னலை விழுங்கிவிடும். சராசரி எடுத்து ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் அப்போது லோட் செல்லே தடையாக நிற்கும். கடைத் தராசுகளில் பரவலாக வரும் சி3 வகை லோட் செல்லுக்கான சான்று 3000 பிரிவுகளுக்குத்தான். அதற்கு மேல், நம் 8000 பிரிவு உட்பட, டிஸ்பிளேயில் காட்டலாம், உத்தரவாதம் தர முடியாது.

வேகமாக மாறும் சிக்னலுக்கு வேறு கணக்கு. டேட்டாஷீட்டில், இரைச்சலோடும் சிதைவோடும் ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு பெரியது என்று காட்டும் சினாட் என்ற மதிப்பு டெசிபெல்லில் இருக்கும். அதிலிருந்து 1.76-ஐக் கழித்து 6.02-ஆல் வகுத்தால் உண்மையில் பயன்படும் பிட் எண்ணிக்கை வரும். 70 டெசிபெல் என்றால் 11.3 பிட். ஆர்பி2040 மைக்ரோகண்ட்ரோலரின் உள் ஏடிசி 12 பிட் என்று அறிவிக்கப்பட்டாலும், பயன்படும் பிட் 8.7 என்று அதன் டேட்டாஷீட்டே ஒப்புக்கொள்கிறது.

நுணுக்கமும் துல்லியமும் வேறு வேறு. ஆஃப்செட் பிழையையும் கெயின் பிழையையும் இரண்டு புள்ளிகளில் அளந்து சாஃப்ட்வேரில் திருத்திவிடலாம். நேர்கோட்டிலிருந்து வளையும் பிழையை, அதாவது ஐஎன்எல்-ஐ, அப்படித் திருத்த முடியாது. வெப்பத்தால் நகர்வதையும் அறை வெப்பநிலையில் செய்த காலிபிரேஷன் பிடிக்காது. டேட்டாஷீட்டில் முதல் பக்கத்தை விட்டுவிட்டு இந்த இரண்டு வரிகளைத் தேடுங்கள். அதிலும் வழக்கமான மதிப்பை விட்டு அதிகபட்ச மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: தனி சிப் தேவையா என்று பாருங்கள்

மைக்ரோகண்ட்ரோலருக்கு உள்ளேயே ஏடிசி இருக்கும்போது தனி சிப் எதற்கு? பல வேலைகளுக்குத் தேவையே இல்லை. எஸ்டிஎம்32எஃப்103-இல் 12 பிட், நொடிக்கு 10 லட்சம் ரீடிங் வேகத்தில் இரண்டு ஏடிசி இருக்கின்றன. பேட்டரியின் 15 வோல்ட்டை 4096-ஆல் வகுத்தால் 3.7 மில்லிவோல்ட், நமக்கு வேண்டியது 10. நல்ல ரெஃபரன்ஸ் கொடுத்தால் அதுவே போதும். ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி 10 பிட்தான். 15 வோல்ட்டுக்கு ஒரு படி 14.6 மில்லிவோல்ட் என்பதால் நேரடியாகப் போதாது. 16 ரீடிங் எடுத்துக் கூட்டி நான்கால் வகுத்தால் 2 பிட் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் சிக்னலில் ஒரு படி அளவுக்காவது இரைச்சல் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும்; அசையாத சிக்னலை 16 முறை படித்தாலும் அதே எண்தான் 16 முறை வரும்.

ஈஎஸ்பி32 வாங்குகிறவர்கள் இரண்டு விஷயங்களை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அதன் இரண்டாவது ஏடிசியின் பின்களை வைஃபை ஓடும்போது பயன்படுத்த முடியாது. வரம்பின் இரு முனைகளிலும் ரீடிங் நேர்கோட்டில் இருக்காது. பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் உச்சத்துக்குப் பக்கத்திலும் அளக்க வேண்டியிருந்தால் தனி சிப் போடுவதே நிம்மதி. ஆர்பி2040-இல் 512, 1536, 2560, 3584 ஆகிய நான்கு எண்களில் படி அகலம் திடீரென்று மாறுகிறது. வெப்பநிலை பார்க்க இது உறுத்தாது; ஆடியோவுக்கு உறுத்தும்.

படி 4: வகையைத் தீர்மானியுங்கள்

எஸ்ஏஆர் வகை, கேட்ட கணத்தில் சிக்னலைப் பிடித்து உடனே விடை தரும். 8 முதல் 18 பிட் வரை, வேகம் சில ஆயிரத்திலிருந்து சில மெகா ரீடிங் வரை. பல சேனல்களை மாற்றி மாற்றிப் படிக்க இதுவே பொருத்தம். எம்சிபி3208 இந்த வகை: 12 பிட், 8 சேனல், 5 வோல்ட்டில் நொடிக்கு 1 லட்சம் ரீடிங், பிரெட்போர்டில் செருகக்கூடிய டிஐபி உறையிலும் கிடைக்கும்.

டெல்டா-சிக்மா வகை, சிக்னலை மிக வேகமாகப் பலமுறை எடுத்து உள்ளேயே வடிகட்டித் தரும். 16 முதல் 24 பிட் வரை. லோட் செல், வெப்பநிலை சென்சார்களான தெர்மோகப்பிள், பிடி100 போன்றவற்றின் மெதுவான, சிறிய சிக்னல்களுக்கு இதற்கு நிகர் இல்லை. நொடிக்கு 10 ரீடிங் தரும் பல சிப்புகள் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் இரண்டையும் சேர்த்தே வெட்டிவிடும். ஏனெனில் 100 மில்லிசெகண்டில் முதலாவது 5 முழுச் சுற்றும் இரண்டாவது 6 முழுச் சுற்றும் அடங்கும். ட்யூப்லைட் சோக், மோட்டார் கேபிள் பக்கத்தில் வைக்கும் கருவிக்கு இது பெரிய உதவி. பலவீனம், சேனலை மாற்றினால் உள் வடிகட்டி புதிதாக நிலைபெற நேரம் எடுக்கும். எச்எக்ஸ்711 நொடிக்கு 10 என்ற வேகத்தில் நிலைபெற 400 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கிறது. சேனல் மாற்றிய உடனே வரும் ரீடிங்குகளைத் தூக்கிப் போடாதவர்களுக்கு ஒரு சேனலின் மதிப்பு அடுத்த சேனலில் கசிந்தது போலத் தெரியும்.

பைப்லைன் வகை நொடிக்கு 1 கோடி ரீடிங்குக்கு மேல் போகும் ஆசிலோஸ்கோப், ரேடியோ வேலைகளுக்கு. அங்கே பிட்டைத் தின்பது கிளாக்கின் நடுக்கம். 10 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை 10 பிகோசெகண்ட் நடுங்கும் கிளாக்கில் எடுத்தால் கிடைக்கும் உச்சவரம்பு 64 டெசிபெல், அதாவது 10 பிட்டுக்குச் சற்று மேல். அதில் 14 பிட் சிப் போட்டாலும் பயன் இல்லை. பேனல் மீட்டரில் வரும் ஐசிஎல்7107 போன்ற இரட்டைச் சரிவு வகை இன்றும் நல்ல சிப்தான், ஆனால் நேரடியாக டிஸ்பிளேயை ஓட்டும் மீட்டருக்கு மட்டும்.

படி 5: ஒரே கணத்தில் படிக்க வேண்டுமா?

மோட்டார் வேலைக்கு வருவோம். எம்சிபி3208-இல் எட்டு சேனல் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஏடிசி. முழு வேகத்தில் வோல்டேஜைப் படித்து 10 மைக்ரோசெகண்ட் கழித்துத்தான் கரண்டைப் படிக்கும். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். 10 மைக்ரோசெகண்ட் என்பது 0.18 டிகிரி. பவர் ஃபேக்டர் 1 என்றால், அதாவது வோல்டேஜும் கரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கினால், இது தெரியவே தெரியாது. லோடு குறைந்து ஓடும் மோட்டாரில் பவர் ஃபேக்டர் 0.5 ஆக இருந்தால், இந்த 0.18 டிகிரியே மின்சக்திக் கணக்கில் 0.54% பிழை ஆகிறது. பல்பை வைத்துச் சோதித்தபோது சரியாக இருந்த மீட்டர், மோட்டாரில் தவறுவது இதனால்தான். இடைவெளி மாறாமல் இருந்தால் சாஃப்ட்வேரில் நேர்செய்யலாம். வேறு வேலைக்காக புரோகிராமை இடையில் நிறுத்தும் இன்டரப்டால் அது மாறிக்கொண்டே இருந்தால் வழியில்லை.

ஒவ்வொரு சேனலுக்கும் தனி ஏடிசி உள்ள சிப்பே இதற்குச் சரி. டெல்டா-சிக்மா வகையான ஏடிஎஸ்131எம்04 நான்கு சேனல், 24 பிட், நொடிக்கு 32,000 வரை, நான்கையும் ஒரே கணத்தில் எடுக்கும். கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் உண்டாக்கும் ஃபேஸ் நகர்வைத் திருத்தவும் ஒவ்வொரு சேனலுக்கும் ரெஜிஸ்டர் உண்டு. பிளஸ், மைனஸ் 10 வோல்ட் வரும் தொழிற்சாலை சிக்னல் என்றால் ஏடி7606: 16 பிட், எட்டு சேனல், நொடிக்கு 2 லட்சம், 5 வோல்ட் சப்ளையிலேயே நெகட்டிவ் வோல்டேஜையும் நேரடியாக ஏற்கும். 230 வோல்ட் லைனைத் தொடும் எந்தச் சுற்றிலும் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது ஐசொலேஷன் சிப் இல்லாமல் கம்ப்யூட்டரின் யுஎஸ்பி கேபிளைச் செருகாதீர்கள். உயிர் போகும்.

படி 6: சாம்பிளிங் வேகமும் போலி சிக்னலும்

நொடிக்கு 1000 முறை படிக்கும்போது 950 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் சிக்னலாக வேடம் போட்டு உள்ளே வரும். எண்ணாக மாறிய பின் எந்த டிஜிட்டல் வடிகட்டியாலும் அதைப் பிரிக்க முடியாது. ஏடிசிக்கு முன்பாகவே அனலாக் வடிகட்டி வேண்டும்.

மோட்டாரில் ஒரு சுற்றுக்கு 128 புள்ளி எடுத்தால் நொடிக்கு 6400. 1 கிலோஹெர்ட்ஸ் வரை நமக்குத் தேவை, 5.4 கிலோஹெர்ட்ஸில் வருவது அங்கே மடிந்து விழும். 2 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் ஒற்றை ரெசிஸ்டர், கெபாசிட்டர் வடிகட்டி 5.4 கிலோஹெர்ட்ஸைக் குறைப்பது மூன்றில் ஒரு பங்காக மட்டுமே. எஸ்ஏஆர் போட்டால் ஓப்-ஆம்ப் (பெருக்கி சிப்) வைத்த பல கட்ட வடிகட்டியோ, பல மடங்கு வேகமான சாம்பிளிங்கோ தேவைப்படும். டெல்டா-சிக்மாவுக்குள் சிக்னலை எடுக்கும் மாடுலேட்டர் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓடுவதால் 1 கிலோஓம், சில நானோஃபேரட் போதும். மோட்டாருக்கு அந்த வகையைச் சொல்ல இது இரண்டாவது காரணம்.

படி 7: இன்புட் பக்கம் — பெரும்பாலான பிழைகள் பிறக்கும் இடம்

எஸ்ஏஆர் சிப்பின் இன்புட்டில் ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கிறது. எம்சிபி3208-இல் அது 20 பிகோஃபேரட், அதற்கு முன் சுவிட்ச் ரெசிஸ்டன்ஸ் 1 கிலோஓம். ஒன்றரை கிளாக் நேரத்துக்குள் அது சிக்னல் வோல்டேஜுக்கு நிறைந்துவிட வேண்டும். 12 பிட்டில் அரைப் படிக்குள் நிறைய, ரெசிஸ்டன்ஸையும் கெபாசிட்டன்ஸையும் பெருக்கி வரும் நேரத்தைப் போல 9 மடங்கு தேவை.

பேட்டரிக்கு 30 கிலோஓம், 10 கிலோஓம் டிவைடர் (வோல்டேஜைப் பங்கிட்டுக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்) வைத்தால் 15 வோல்ட் 3.75 வோல்ட்டாகும். சிப் பார்க்கும் ரெசிஸ்டன்ஸ் இரண்டும் இணையாக 7.5 கிலோஓம், சுவிட்ச்சோடு 8.5. நிறைய 1.53 மைக்ரோசெகண்ட். எனவே கிளாக் 980 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. 5 வோல்ட்டில் சிப் அனுமதிக்கும் 2 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் ரீடிங் குறைந்தே வரும்.

பேட்டரியைக் காலி செய்யக் கூடாது என்று 300 கிலோஓம், 100 கிலோஓம் போடுகிறவர்கள் நிறைய. டிவைடர் எடுக்கும் கரண்ட் 375 மைக்ரோஆம்பியரிலிருந்து 37.5-க்கு இறங்குவது உண்மை. ஆனால் சிப் பார்ப்பது 75 கிலோஓம். கிளாக் 109 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வர வேண்டும். இல்லையேல் முந்தைய சேனலின் வோல்டேஜை நோக்கி ரீடிங் சாயும். தீர்வு, ஏடிசி பின்னுக்கு ஒட்டி 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர். 20 பிகோஃபேரட் உறிஞ்சுவது அதில் 5000-இல் ஒரு பங்கு. ஒரு படிக்கும் குறைவு. பதிலுக்கு அந்தக் கெபாசிட்டர் நிலைபெற 68 மில்லிசெகண்ட் ஆகும். நொடிக்கு ஒரு ரீடிங் எடுப்பவருக்கு அது பொருட்டல்ல. நொடிக்கு 1000 எடுப்பவர் ஓப்-ஆம்ப் பஃபர் போட்டே ஆக வேண்டும்.

கிளாக்கை ரொம்பவும் குறைத்தாலும் ஆபத்து. பிடித்து வைத்த மின்னூட்டம் மெல்லக் கசியும் என்பதால், எம்சிபி3208-இல் பிடித்த பிறகு கடைசி பிட் வரை 1.2 மில்லிசெகண்டுக்குள் முடிக்கச் சொல்கிறது டேட்டாஷீட். பின்களை சாஃப்ட்வேரில் ஆட்டிப் படிக்கும்போது நடுவில் நீண்ட இன்டரப்ட் வந்தால் இந்த எல்லை உடையும். எச்எக்ஸ்711-இலும் இதே போல ஒரு பொறி: கிளாக் பின் 60 மைக்ரோசெகண்டுக்கு மேல் உயர்ந்தே நின்றால் சிப் தூங்கிவிடும், அடுத்த ரீடிங் குப்பையாக வரும். படிக்கும் அந்தச் சிறு நேரத்துக்கு மட்டும் இன்டரப்ட்டை நிறுத்துங்கள்.

16 பிட் சிப்பான ஏடிஎஸ்1115 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் விற்கும் மாட்யூல் அது. அதன் வரம்பு பிளஸ், மைனஸ் 6.144 வோல்ட் என்று போட்டிருப்பது கணக்குக்கான அளவு மட்டுமே. பின்னில் சப்ளையைவிட 0.3 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் சிப் கெடும், 3.3 வோல்ட் சப்ளையில் 5 வோல்ட் சிக்னலைக் கொடுத்து எரித்தவர்கள் பலர். கிரவுண்டைச் சார்ந்த சிக்னலுக்கு நெகட்டிவ் பாதி வீணாவதால் கிடைப்பது 15 பிட். அதன் இன்புட் ரெசிஸ்டன்ஸும் எல்லையற்றதல்ல, 4.096 வோல்ட் வரம்பில் ஏறத்தாழ 6 மெகாஓம். 75 கிலோஓம் டிவைடரில் இதனால் மட்டும் 1.2% குறைவாகக் காட்டும். 7.5 கிலோஓம் என்றால் 0.12%, காலிபிரேஷனில் போய்விடும்.

எம்சிபி3208-ஐ டிஃபரன்ஷியல் சிப் என்று நம்பி லோட் செல்லையோ கரண்டை அளக்கும் ரெசிஸ்டரான ஷன்ட்டையோ இணைப்பதும் அடிக்கடி நடக்கிறது. அதன் மைனஸ் இன்புட் கிரவுண்டிலிருந்து 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகக் கூடாது. லோட் செல்லின் இரு கம்பிகளும் சப்ளையின் பாதியில், 2.5 வோல்ட் பக்கத்தில் நிற்பவை. வேலைக்கு ஆகாது.

பாதுகாப்புக்கு பின்னிலிருந்து சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் ஷாட்கி டயோடு போடுவது வழக்கம். சூட்டில் அதன் லீக்கேஜ் 1 மைக்ரோஆம்பியர் ஆனாலே 75 கிலோஓமில் 75 மில்லிவோல்ட் பிழை. உயர்ந்த ரெசிஸ்டன்ஸ் உள்ள இடத்தில் பிஏவி99 போன்ற சாதாரண சிலிக்கான் டயோடும், பின்னுக்கு முன் 1 கிலோஓமும் போடுங்கள்.

படி 8: ரெஃபரன்ஸ் — சிப்புக்குக் கொடுக்கும் அதே கவனம்

ஏடிசி அளப்பது விகிதத்தைத்தான். ரெஃபரன்ஸ் நகர்ந்தால் எல்லா ரீடிங்கும் சேர்ந்தே நகரும். யுஎஸ்பியின் 5 வோல்ட்டை ரெஃபரன்ஸாக வைத்தால் அது 4.75-இலிருந்து 5.25 வரை எங்கும் இருக்கலாம். 12 பிட் சிப்பில் 5% பிழை என்பது 200 படி.

எல்எம்4040 மலிவான, நல்ல ரெஃபரன்ஸ். வெப்ப நகர்வு அதிகபட்சம் டிகிரிக்கு 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு. வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் காலை 25 டிகிரி, மதியம் 55 டிகிரி என்றால் 30 டிகிரிக்கு 0.3%. பேட்டரியின் 15 வோல்ட்டில் அது 45 மில்லிவோல்ட். நாம் கேட்டது 10! சிப்பில் பிட் போதும்; ரெஃபரன்ஸ் காரணமாக இலக்கு தவறுகிறது. ஆர்இஎஃப்5040-இன் உயர்தர வகை டிகிரிக்கு 3 பிபிஎம். அதே 30 டிகிரிக்கு 1.4 மில்லிவோல்ட். டிவைடர் ரெசிஸ்டர்களும் இதே கணக்கில் வரும். 100 பிபிஎம் ரெசிஸ்டர் இரண்டு எதிரெதிர் திசையில் நகர்ந்தால் ரெஃபரன்ஸுக்குச் செலவழித்த பணம் வீண். ஒரே ரெசிஸ்டர் நெட்வொர்க்குக்குள் உள்ள இரண்டைப் பயன்படுத்தினால் சேர்ந்து நகரும், விகிதம் மாறாது.

லோட் செல், பொட்டென்ஷியோமீட்டர், தெர்மிஸ்டர் டிவைடர் ஆகியவற்றுக்கு விலையுயர்ந்த ரெஃபரன்ஸ் வேண்டியதே இல்லை. சென்சாருக்குக் கொடுக்கும் வோல்டேஜையே ஏடிசிக்கும் ரெஃபரன்ஸாகக் கொடுங்கள். அது 2% கூடினால் சிக்னலும் 2% கூடும். விகிதம் அப்படியே நிற்கும். எச்எக்ஸ்711 மலிவாக இருந்தும் தராசில் நன்றாக வேலை செய்வதன் ரகசியம் இது.

எஸ்ஏஆர் சிப் ஒவ்வொரு பிட்டுக்கும் ரெஃபரன்ஸ் பின்னிலிருந்து கரண்டைத் துண்டு துண்டாக இழுக்கும். பின்னுக்கு ஒட்டி 1 முதல் 10 மைக்ரோஃபேரட் செராமிக் வையுங்கள். ஆனால் எந்த அளவு வரை நிலையாக இருக்கும் என்பதை ரெஃபரன்ஸ் சிப்பின் டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: இணைப்பு, உறை, வாங்குமிடம்

சில சென்டிமீட்டருக்குள், மெதுவான வேலைக்கு, இரண்டு கம்பியில் ஓடும் ஐ2சி இணைப்பு வசதி. ஏடிஎஸ்1115-க்கு நான்கு முகவரி, ஆக ஒரே பஸ்ஸில் நான்கு சிப். நொடிக்குப் பல ஆயிரம் ரீடிங் என்றால் அதைவிட வேகமான எஸ்பிஐ இணைப்பு. லாஜிக் வோல்டேஜைக் கவனியுங்கள்: எம்சிபி3208-ஐ 5 வோல்ட்டில் ஓட்டினால் அதற்கு உயர்நிலை என்பது 3.5 வோல்ட். 3.3 வோல்ட் கண்ட்ரோலரை நேராக இணைத்தால் மேசையில் ஓடும், வெயிலில் நின்றுவிடும். லெவல் மாற்றும் சிப் போடுங்கள், அல்லது ஏடிசியையும் 3.3-இல் ஓட்டுங்கள், பிந்தையதில் ரெஃபரன்ஸையும் 3.3-க்குள் வைக்க வேண்டும், வேகமும் குறையும்.

கையால் சால்டர் செய்பவர் உறையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஏடிஎஸ்1115-இன் பின் இடைவெளி 0.5 மில்லிமீட்டர், ஃப்ளக்ஸும் பூதக்கண்ணாடியும் இல்லாமல் ஆகாது. மாதிரி செய்து பார்க்கச் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ கிடைக்கும் மாட்யூல் போதும். விற்கப்போகும் கருவிக்கு, தயாரிப்பு நிறுவனம் அங்கீகரித்த விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள். ஏடிஎஸ்1115 என்ற பெயரில் 12 பிட் ஏடிஎஸ்1015 வருவதுண்டு. கண்டுபிடிப்பது எளிது: 100 ரீடிங்கைத் திருத்தாமல் அச்சிடுங்கள். எல்லாமே 16-இன் மடங்காக இருந்தால், அதாவது கடைசி நான்கு பிட் எப்போதும் பூஜ்யம் என்றால், கையில் இருப்பது 1015.

ஆக, தராசுக்கு எச்எக்ஸ்711. பேட்டரிக்கு ரெஃபரன்ஸ் உள்ளேயே உள்ள ஏடிஎஸ்1115, 5 வோல்ட் சப்ளையில், 30:10 கிலோஓம் டிவைடரோடு. அதன் கெயின் பிழை அதிகபட்சம் 0.15%, ஒருமுறை காலிபிரேட் செய்தால் தீரும். மோட்டாருக்கு ஏடிஎஸ்131எம்04.

படி 10: போர்டும் சோதனையும்

ஒவ்வொரு சப்ளை பின்னுக்கும் 0.1 மைக்ரோஃபேரட், 3 மில்லிமீட்டருக்குள். அருகில் ஒரு 10 மைக்ரோஃபேரட். கிரவுண்டை இரண்டாக வெட்டாமல் ஒரே தளமாக விடுங்கள். ரிலே, மோட்டார் கரண்ட் ஏடிசியின் கிரவுண்ட் வழியாகத் திரும்பாதபடி இடம் மட்டும் பிரியுங்கள். 10 மில்லிஓம் காப்பர் பாதையில் 1 ஆம்பியர் போனால் 10 மில்லிவோல்ட், 4.096 வோல்ட் ரெஃபரன்ஸ் உள்ள 12 பிட் சிப்பில் அது 10 படி. ரிலே இழுக்கும்போதெல்லாம் ரீடிங் குதித்தால் முதலில் இங்கே பாருங்கள்.

சோதனைக்கு, சென்சாரைக் கழற்றிவிட்டு, அது சேரும் முனையிலேயே இன்புட்டை ஷார்ட் செய்து 1000 ரீடிங் எடுங்கள். லோட் செல் போன்ற பிரிட்ஜ் என்றால் எடை வைக்காமல் அப்படியே விட்டாலும் சரி. எந்த எண் எத்தனை முறை வந்தது என்று வரைந்தால் ஒரு குன்று போல வர வேண்டும். அகலம் டேட்டாஷீட் இரைச்சலைவிட மூன்று மடங்குக்கு மேல் என்றால் சப்ளையையும் லேஅவுட்டையும் சந்தேகியுங்கள். இரண்டு குன்று தெரிந்தால் ஏதோ ஒன்று குறிப்பிட்ட தாளத்தில் இடையூறு செய்கிறது. ஸ்விட்சிங் சப்ளையைக் கழற்றி பேட்டரியில் ஓட்டி ஒப்பிடுங்கள். அடுத்து, வரம்பின் 10%, 50%, 90%-இல் நல்ல மல்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். முனைகள் சரியாகி நடு மட்டும் விலகினால் நேர்கோட்டுப் பிழை. கடைசியாக, ஹேர் ட்ரையரால் ரெஃபரன்ஸை மட்டும் சூடாக்கி ரீடிங்கைப் பாருங்கள், பிறகு டிவைடரை மட்டும். எதைச் சூடாக்கும்போது எண் நகர்கிறதோ, அந்த பாகத்தைத்தான் மாற்ற வேண்டும்.